தலைப்புக்குப் பதில் ஒரு கோடு

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். லேப்டாப்பைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் காபி குடிக்க எழுந்து போனவன் திரும்பி வந்து பார்த்தால், அக்கா மகள் திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி நின்றுகொண்டிருக்கிறாள். நான்காம் வகுப்பு படிக்கிறாள். திரையில் ஒரு பழைய ஓவியம். முன்னால் ஒரு பையன், பின்னால் ஒரு பையன். நடுவே இரண்டு கழிகளை வைத்துச் செய்த ஒரு தூக்கு. அதில் ஒரு தேவதை குனிந்தபடி உட்கார்ந்திருக்கிறாள். கண்ணில் வெள்ளைத் துணிக்கட்டு. சிறகில் கொஞ்சம் ரத்தம். கையில் சின்னதாக ஒரு பூங்கொத்து.

"மாமா, இந்த அண்ணன் எதுக்கு என்னையே முறைக்கிறான்?"

பின்னால் வரும் பையனைத்தான் கேட்டாள். அவன் மட்டும் தலையைத் திருப்பி நேராக நம்மைப் பார்க்கிறான். நான் பதில் யோசிப்பதற்குள் அத்தான் வந்தார். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "இதுக்கு என்ன மாப்ள அர்த்தம்?"

தெரியாது என்றேன்.

"அர்த்தம் தெரியாமலா இத்தனை நாளா பார்த்துட்டிருக்கே?" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தப் பதிவு. அத்தான் இதைப் படிக்கப் போவதில்லை, பரவாயில்லை.

படத்தை வரைந்தவர் பின்லாந்துக்காரர், ஹியூகோ சிம்பெர்க். 1903இல் வரைந்தார். அதற்குச் சற்று முன்னால்தான் மூளைக்காய்ச்சலில் படுத்து, மாதக்கணக்கில் மருத்துவமனையில் இருந்து எழுந்து வந்திருந்தார். இன்று உலகம் இதைக் 'காயம்பட்ட தேவதை' என்று சொல்கிறது. ஆனால் முதன்முதலாகக் காட்சிக்கு வைத்தபோது அவர் பெயர் ஏதும் கொடுக்கவில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான். பார்ப்பவர்கள் தாங்களே ஏதாவது முடிவுக்கு வந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். கேட்டவர்களுக்கும் விளக்கம் சொல்லவில்லை.

அத்தானை நான் குறை சொல்லமாட்டேன். நம் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்தில் ஏற்றிவிட்ட பழக்கம் இது. செய்யுளைப் படித்ததும் 'மையக்கருத்து யாது?' ஐந்து மதிப்பெண். மையக்கருத்தைப் பிடித்துவிட்டால் செய்யுளை மறந்துவிடலாம். 'குறியீடு' என்ற சொல்லும் அதே வகுப்பறையிலிருந்துதான் நம்மோடு வருகிறது. புறா என்றால் அமைதி, தராசு என்றால் நீதி, மண்டையோடு என்றால் மரணம். இதைத் தேர்தல் சின்னம் என்று சொல்லலாம். ஒரு சின்னத்துக்கு ஒரு கட்சிதான். இரண்டு கட்சிக்கு ஒரே சின்னம் என்றால் வழக்கு போட்டுவிடுவார்கள்.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக ஓவியர்கள் இந்தச் சின்னக் கணக்கில்தான் வரைந்துகொண்டிருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த குறியீட்டியக்காரர்கள் அந்தக் கணக்கைக் கலைத்தார்கள். 1886 செப்டம்பரில் ழான் மொரெயாஸ் என்ற கவிஞர் பாரிஸின் 'லெ ஃபிகாரோ' நாளிதழில் இதற்கு ஓர் அறிக்கையே வெளியிட்டார். அது கவிஞர்களுக்கான அறிக்கை. ஓவியர்கள் பலர் அதற்கு முன்பே, ஒருவரையொருவர் அறியாமலே, பேசல், போர்தோ, புரூசெல்ஸ் என்று ஆளுக்கொரு மூலையில் இருந்து இதைச் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். அவர்களுக்குள் பொதுவான பாணி கிடையாது. ஒருவர் எண்ணெய் வண்ணம், ஒருவர் கரித்துண்டு, இன்னொருவர் மை. என் பார்வையில் பொதுவாக இருந்தது ஒரு பிடிவாதம் மட்டும்தான்: காட்டுவேன், சொல்லமாட்டேன்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் எழுதப்போகிற படங்களில் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. எல்லாம் புத்தகத்திலும் திரையிலும் பார்த்ததுதான். இதில் எனக்கு ஒரு பெரிய மனிதர் துணைக்கு இருக்கிறார், அவரைப் பற்றிப் பிறகு.

'இறந்தோர் தீவு' என்ற படத்தை உங்களில் பலர் எங்காவது பார்த்திருப்பீர்கள். கறுத்த கடல், அலையே இல்லை. நடுவில் செங்குத்தான பாறைகள் சூழ்ந்த ஒரு சின்னத் தீவு. பாறையில் கதவு மாதிரி வெட்டிய குடைவுகள். தீவின் நடுவே நெருக்கமாக நிற்கும் சைப்ரஸ் மரங்கள், கிட்டத்தட்ட கறுப்பு. அதை நோக்கி ஒரு படகு. படகில் துடுப்பு போடுபவர் ஒருவர், தலை முதல் கால்வரை வெள்ளையில் போர்த்தியபடி நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஓர் உருவம், அதன் முன்னால் ஒரு சவப்பெட்டி.

வரைந்தவர் ஆர்னால்ட் பொக்லின், சுவிட்சர்லாந்தின் பேசல் நகரத்துக்காரர். 1880இல் பிளாரன்ஸில் இருந்தபோது முதல் படத்தை வரைந்துகொண்டிருக்கிறார். அப்போது மாரி பெர்னா என்ற பெண்மணி அவருடைய ஓவியக்கூடத்துக்கு வருகிறார். கணவர் பல வருடங்களுக்கு முன்பு தொண்டை அடைப்பான் நோயில் இறந்துபோனவர். இப்போது மறுமணம் நிச்சயமாகியிருக்கிறது. முதல் கணவரின் நினைவாக ஒரு படம் வேண்டும், உட்கார்ந்து கனவு காண்பதற்கு ஒரு படம் வேண்டும் என்கிறார். ஓவியத் தாங்கியில் பாதி முடிந்து நின்ற தீவைப் பார்த்ததும் அது பிடித்துப்போகிறது. பொக்லின் அவருக்காகச் சின்ன அளவில் பலகை மேல் இன்னொன்று வரைகிறார்.

இங்கே கவனியுங்கள். படகில் இருக்கிற அந்த வெள்ளை உருவமும் சவப்பெட்டியும் மாரி பெர்னா கேட்ட பிறகுதான் படத்துக்குள் வந்தன. அவருக்கான படத்தில் சேர்த்துவிட்டு, முதல் படத்துக்கும் திரும்பிப்போய் அவற்றைச் சேர்த்தார் பொக்லின். அதாவது, உலகம் நூறு வருடங்களுக்கு மேலாக 'இதுதான் படத்தின் மையம், இதுதான் குறியீடு' என்று உரை எழுதிக்கொண்டிருக்கிற பகுதி, வாங்க வந்தவர் சொல்லி ஒட்டியது. ஒரு விதவையின் துக்கம் நேராகப் படகில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பெயரும் அப்படித்தான். பொக்லின் தன் படத்துக்குப் பெரிதாகப் பெயர் வைக்கவில்லை. கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு சொற்றொடர் இருந்தது. 1883இல் மூன்றாவது வடிவத்தை வரையச் சொன்ன ஓவிய வியாபாரி ஃபிரிட்ஸ் குர்லிட் அதிலிருந்து எடுத்து 'இறந்தோர் தீவு' என்று ஆக்கினார். வியாபாரிக்கு எது விற்கும் என்று தெரியும். நன்றாகவே விற்றது. 1880க்கும் 1886க்கும் இடையில் மொத்தம் ஐந்து முறை வரைந்தார் பொக்லின். 1890இல் மாக்ஸ் கிளிங்கர் இதைத் தகட்டில் செதுக்கி அச்சிட்டதும் பிரதிகள் பரவின. கொஞ்ச காலத்தில் ஜெர்மன் நடுத்தர வர்க்கத்து வீடுகளில் நம் ஊர் முருகன் காலண்டர் மாதிரி இது தொங்கத் தொடங்கிவிட்டது. மூன்றாவது வடிவத்தை 1936இல் ஹிட்லர் வாங்கினார். இப்போது அது பெர்லினில் பழைய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஒரு படத்தை யார் விரும்புவார்கள் என்பது ஓவியர் கையில் இல்லை.

பொக்லின் இந்தப் படத்தைப் பற்றிச் சொன்னது மிகக் குறைவு. அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாராவது கதவைத் தட்டினால் தூக்கிவாரிப்போட வேண்டும், அந்த அளவுக்கு நிசப்தமாக இருக்க வேண்டும் என்றார். மரணம், மறுமை, ஆன்மா என்று ஒரு வார்த்தை இல்லை. தச்சர் அளவு சொல்வதுபோலச் சத்தத்தின் அளவைச் சொல்கிறார்.

அந்தச் சத்தமின்மை எப்படி வருகிறது என்று பார்த்தால் எல்லாமே சாதாரணப் பொருட்கள்தான். சைப்ரஸ் மரம் இத்தாலியக் கல்லறைத் தோட்டங்களில் எங்கும் நிற்பது. பிளாரன்ஸில் அவருடைய ஓவியக்கூடத்துக்குப் பக்கத்திலேயே 'ஆங்கிலேயர் கல்லறை' என்ற இடம் இருக்கிறது. அவருடைய கைக்குழந்தை மரியாவை அடக்கம் செய்தது அங்கேதான். அவருக்குப் பிறந்த 14 குழந்தைகளில் 8 பேர் அவர் கண்முன்னாலேயே போய்விட்டார்கள். இதைப் படித்த பிறகு அந்த மரங்களுக்கு உரை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர் பார்த்த மரம், அவர் நடந்த வழி. கடலுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தார், அலையை நிறுத்தினார். அவ்வளவே.

(இதே மனிதர் 1872இல் தன்னையே வரைந்துகொண்ட படம் ஒன்று உண்டு. கையில் தூரிகையோடு நிற்கிறார், காதருகே ஓர் எலும்புக்கூடு பிடில் வாசிக்கிறது. அந்தப் பிடிலில் ஒரே ஒரு தந்திதான். நகைச்சுவை இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள்.)

எனக்குத் துணை என்று சொன்ன பெரிய மனிதர் ரஷ்ய இசைக்கலைஞர் ரஹ்மானினோவ். 1907இல் பாரிஸில் அவர் பார்த்தது இந்தத் தீவின் கறுப்பு வெள்ளைப் பிரதி ஒன்றை மட்டும்தான். அந்த ஒரு பிரதி போதுமானதாக இருந்தது. இதே பெயரில் ஒரு நீண்ட இசைக்கோவை எழுதினார். ஐந்து ஐந்தாக எண்ணிக்கை ஓடும், நம் ஊர்க் கணக்கில் கண்ட நடை. துடுப்பு ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் விழுவதுபோல ஒரு நொண்டல். பிறகு வண்ணத்தில் அசலைப் பார்த்தபோது அவருக்கு ஏமாற்றம். முதலில் இதைப் பார்த்திருந்தால் அந்த இசையை எழுதியிருக்கவே மாட்டேனோ என்னவோ என்ற அளவுக்குப் பேசியிருக்கிறார். இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இருபது நிமிடம் பிடிக்கும்.

கறுப்பைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் ஒடிலோன் ரெடோனிடம் போய்விடலாம். எனக்கு இந்தக் கூட்டத்தில் ரொம்பப் பிடித்தவர் இவர்தான். 1840இல் போர்தோவில் பிறந்தார். பிறந்த இரண்டாம் நாளே ஊருக்கு வெளியே பெயர்லெபாத் என்ற குடும்பத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பதினோரு வயதுவரை அம்மா அப்பா இல்லாமல் அங்கேதான். ஆளரவம் இல்லாத திராட்சைத் தோட்டம், சதுப்பு நிலம், மேகம். 1890கள்வரை இவர் செய்ததெல்லாம் பெரும்பாலும் கறுப்புதான். கரித்துண்டில் வரைவார், கல்லச்சில் எடுப்பார். அவற்றை அவரே 'கறுப்புகள்' என்றுதான் அழைத்தார்.

1881இல் வரைந்த ஒரு சிலந்தியைப் பாருங்கள். உருண்டையாக, ரோமம் மூடிய கறுத்த உடம்பு. அதில் மனித முகம். முகத்தில் இளிப்பு. கால்களை எண்ணினால் பத்து இருக்கும். சிலந்திக்கு எட்டுக் கால் என்று ரெடோனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவருடைய நெருங்கிய நண்பர் அர்மான் க்ளாவோ ஒரு தாவரவியலாளர். நுண்ணோக்கியில் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைக் காட்டி, தாவரமா விலங்கா என்று தீர்மானிக்க முடியாத உயிர்களைப் பற்றிப் பேசிப் பேசியே ரெடோனை வளர்த்தவர். டார்வினையும் எழுத்தாளர் எட்கர் போவையும் படிக்கக் கொடுத்தவரும் அவரே. அதனால் ரெடோனின் விசித்திரப் பிராணிகள் ஒவ்வொன்றும் மூச்சுவிடுவது போலத் தோன்றும். இல்லாத உயிராக இருந்தாலும் அது உயிர்வாழ முடிகிற மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். பேய்ப்பட விளம்பரங்களில் வருகிற பூதங்களைப் பார்த்தால் நமக்குப் பயம் வருவதில்லை, இந்தச் சிலந்தி மட்டும் மனதில் எங்கேயோ போய் உட்கார்ந்துகொள்கிறது என்றால் காரணம் இதுதான். பயமுறுத்துவதற்கு அது முயற்சியே செய்யவில்லை. எதையோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது.

1882இல் 'எட்கர் போவுக்கு' என்று ஒரு கல்லச்சுத் தொகுப்பு போட்டார். அதில் ஒரு படத்தில் வானத்தில் ஒரு பலூன். பலூனே ஒரு கண். மேல்நோக்கிப் பார்த்தபடி ஏறிக்கொண்டிருக்கிறது. கீழே கூடை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தட்டு, அதில் ஒரு தலை. போவின் எந்தக் கதையில் இது வருகிறது என்று தேடினால் கிடைக்காது. இவை கதைக்கு வரைந்த படங்களே அல்ல. ரெடோன் தன் படங்களுக்குத் தலைப்பு வைப்பார், கவிதை மாதிரி நீளமாகக்கூட வைப்பார். ஆனால் அந்தத் தலைப்பைப் படித்த பிறகு படம் முன்பைவிட மங்கலாகிவிடும். சிம்பெர்க் கோடு போட்டு மறைத்ததை இவர் வார்த்தை போட்டு மறைத்தார்.

கரித்துண்டு ஓவியத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது. வெளிச்சத்தை அதில் வரைய முடியாது. தாளில் கரியை அப்பிவிட்டு, துணியாலும் விரலாலும் துடைத்துத் துடைத்து அடியில் இருக்கிற தாளை வெளியே கொண்டுவர வேண்டும். ரெடோனின் முகங்களில் தெரிகிற வெளிச்சமெல்லாம் இருட்டிலிருந்து துடைத்து எடுத்தது. ஊரில் லாந்தர்க் கண்ணாடி துடைத்த தலைமுறைக்கு இது சொல்லாமலே புரியும்.

1884இல் யுயிஸ்மான்ஸ் என்பவர் எழுதிய நாவலில், உலகத்தோடு ஒட்டாமல் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் நாயகன் தன் சுவர்களில் ரெடோனையும் குஸ்தாவ் மொரோவையும் மாட்டிவைத்திருப்பான். ரெடோனின் பெயர் பாரிஸில் பரவியதற்கு இந்த நாவல் ஒரு முக்கிய காரணம். மொரோ அதற்கு முன்பே பிரபலம். 1876இல் அவர் காட்சிக்கு வைத்த ஓவியத்தில் சலோமி நடனமாடும் மண்டபத்தின் நடுவே, வெட்டப்பட்ட யோவானின் தலை ரத்தம் சொட்டச் சொட்ட அந்தரத்தில் ஒளிவிடும். பெரிய ஓவியர், மறுக்கவில்லை. மத்தீஸுக்கும் ருவோவுக்கும் ஆசிரியர். ஆனால் எனக்கு ஒட்டவில்லை. மரணம் வந்து நிற்கிற இடத்தில்கூடக் கல் பதித்த ஒட்டியாணம் மின்னிக்கொண்டே இருக்கிறது. நகைக்கடைக்குள் ஒப்பாரி கேட்ட மாதிரி.

ரெடோனின் முதல் மகன் 1886இல் ஆறு மாதக் குழந்தையாக இறந்துபோனான். 1889இல் இரண்டாவது மகன் ஆரி பிறந்தான். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகக் கரியைக் கீழே வைத்துவிட்டு வண்ணச் சாக்கட்டிகளை எடுத்தார். பூச்சாடிகள், வண்ணத்துப்பூச்சிகள், நீலம், மஞ்சள். நம்ப முடியாத அழகு. மகன் பிறந்த மகிழ்ச்சியில் வண்ணம் வந்தது என்று எளிதாக எழுதிவிடலாம், பலர் எழுதுகிறார்கள். அந்தக் கணக்கு எனக்கு உறுத்துகிறது. அவர் கடைசிக் காலத்தில், 1914 வாக்கில், வரைந்த ஒற்றைக்கண் அரக்கன் படத்தை எடுத்துப் பாருங்கள். வண்ணம் வழிகிறது. மலைக்குப் பின்னாலிருந்து அந்த ஒற்றைக் கண், பூக்களுக்கு நடுவே படுத்திருக்கும் பெண்ணை எட்டிப் பார்க்கிறது. பலூனாகப் பறந்துபோன அதே கண்தான். கறுப்பு போய்விட்டது, கனவு போகவில்லை.

பெல்ஜியத்துக்காரர்கள் இருவரைச் சொல்லாமல் விடக்கூடாது. ஃபெர்னாண்ட் க்னோப்ஃப் சின்ன வயதில் புரூஜ் நகரத்தில் வளர்ந்தவர். 1904இல் அந்த நகரத்தின் ஒரு சதுக்கத்தை வரைந்தார். வீடுகள் அப்படியே இருக்கின்றன, கதவு ஜன்னல் எல்லாம் மூடியிருக்கிறது. நடுவில் ஓவியர் மெம்லிங்கின் சிலைப்பீடம் இருக்கிறது, சிலையைக் காணோம். ஆள் நடமாட்டம் இல்லை. கற்கள் பாவிய தரையை நோக்கிக் கடல் சத்தமில்லாமல் ஏறி வந்துகொண்டிருக்கிறது. இந்தப் படத்தில் பூதம் இல்லை, எலும்புக்கூடு இல்லை, ரத்தமில்லை. ஒரு சிலையை எடுத்துவிட்டார், கடலைக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்தார். சுனாமிக்குப் பிறகு இந்தப் படத்தை என்னால் அமைதியாகப் பார்க்க முடிவதில்லை.

இன்னொருவர் லெயோன் ஸ்பில்லியார்ட், ஒஸ்டெண்ட் என்ற கடற்கரை ஊர்க்காரர். வயிற்றுப் புண், தூக்கமின்மை. இரவெல்லாம் ஆளில்லாத கடற்கரைச் சாலையில் நடப்பார். வந்து மையைத் தண்ணீரில் கரைத்து வரைவார். 1908இல் வரைந்த ஒரு படத்தில் அகலப் படிகள் கொண்ட உயர்ந்த ஒரு கோபுரத்தின் மேல் ஒரு பெண், அவள் துண்டு காற்றில் நீளமாகப் பறக்கிறது. ஒவ்வொரு படியும் ஆள் இறங்க முடியாத உயரம். தூக்கம் வராத இரவில் இதைப் பார்க்காதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

சரி, அந்தப் பையனுக்கு வருவோம்.

சிம்பெர்க் அந்தப் படத்தை எங்கே வைத்து வரைந்தார் என்பது தெரியும். ஹெல்சின்கியில் ஒரு பூங்கா, விரிகுடா ஓரமாகப் போகிற பாதை. அந்தப் பாதை இன்றும் இருக்கிறது. அக்காலத்தில் அந்தப் பக்கம் பார்வையற்ற பெண் குழந்தைகளுக்கான பள்ளியும் உடல் ஊனமுற்றோருக்கான இல்லமும் இருந்தன. பையன்கள் அந்தத் திசையில்தான் நடக்கிறார்கள் என்று சொல்வார்கள். தேவதையின் கையில் இருப்பது பனி உருகும்போது முதலில் பூக்கும் சின்ன வெள்ளைப் பூ. இதையெல்லாம் கூட்டிப் பெருக்கி 'நோயிலிருந்து மீட்சி' என்று விடை எழுதிவிடலாம். ஐந்துக்கு ஐந்து கிடைக்கும். ஆனால் பின்னால் வரும் பையன் ஏன் முறைக்கிறான் என்பதற்கு அந்த விடையில் பதில் இல்லை.

சிம்பெர்க் எல்லாவற்றுக்கும் வாயை மூடிக்கொண்டவர் என்று சொல்லமுடியாது. 1896இல் 'மரணத்தின் தோட்டம்' என்று ஒரு சின்னப் படம் வரைந்தார். கறுப்பு அங்கி போட்ட எலும்புக்கூடுகள் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிப் பராமரித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று ஒரு பூவை மார்போடு அணைத்து வைத்திருக்கிறது. மொட்டை மாடியில் செடி வளர்க்கிற ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் அதே கவனம், அதே பரிவு. சொர்க்கத்துக்குப் போகும் முன் இறந்தவர்கள் வந்து சேரும் இடம் இது என்று இந்தப் படத்துக்கு மட்டும் ஒரு குறிப்பு எழுதிவைத்தார். அந்தக் குறிப்பு இல்லாமலே படம் எனக்குப் போதும்.

பிறகு தம்பேரே நகரில் புதிதாகக் கட்டிய தேவாலயத்தின் உட்புறத்தை வரையும் வேலை அவருக்குக் கிடைத்தது. அங்கே இந்த இரண்டு படங்களையும் சுவரில் பெரிதாக மறுபடி வரைந்தார். விதானத்தில் வாயில் ஆப்பிளோடு ஒரு பாம்பையும் வரைந்தார், அதற்குக் கடும் எதிர்ப்பு வந்தது. பாம்பை அழிக்கவில்லை, இன்றும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு வருகிறவர்கள் தலைக்கு மேல் பாம்போடும், பக்கத்தில் பூச்செடி வளர்க்கும் எலும்புக்கூடுகளோடும் உட்கார்ந்து பழகிவிட்டார்கள். 2006இல் ஹெல்சின்கியின் ஆதெனியம் அருங்காட்சியகம் நாட்டின் ஓவியம் எது என்று மக்களிடம் வாக்கெடுத்தபோது காயம்பட்ட தேவதைதான் முதலிடம். அர்த்தம் சொல்லாத படத்துக்கு ஒரு நாடே ஓட்டுப் போட்டிருக்கிறது, அத்தான்.

அக்கா மகளிடம் நான் கடைசியில் பதில் சொல்லவில்லை. நீயே சொல்லேன் என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பையனைத் திரும்ப முறைத்துப் பார்த்தாள். "நாம சும்மா நின்னு பாக்குறோம்ல, அதான்" என்றாள். பிறகு கார்ட்டூன் போடச் சொன்னாள்.

நீங்களும் பார்க்க விரும்பினால் இணையத்தில் எல்லாம் கிடைக்கும். பெயரையும் விளக்கத்தையும் கையால் மறைத்துக்கொண்டு முதலில் படத்தை மட்டும் பாருங்கள். பொக்லினின் ஐந்து தீவுகளையும் வரிசையாக வையுங்கள். முதலாவது பேசலில், இரண்டாவது நியூயார்க்கில், மூன்றாவது பெர்லினில், ஐந்தாவது லைப்சிக்கில் இருக்கின்றன. நான்காவதைச் செப்புத் தகட்டின்மேல் வரைந்திருந்தார். பெர்லினில் ஒரு வங்கியில் மாட்டியிருந்தபோது இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் எரிந்துபோனது. அதற்கு ஒரு புகைப்படம் மட்டும் மிச்சம், கறுப்பு வெள்ளையில்.